நிஜத்தைவிட இரண்டு படி வெளுப்பு

கோமதி காலிங் பெல்லை ஒரு முறைதான் அடிப்பாள். அடித்துவிட்டு, கதவு திறக்கும்வரை பொறுமையாக நிற்பாள். போன வெள்ளிக்கிழமை காலை பெல் விடாமல் அடித்தது. திறந்தால் கோமதிதான். கையில் ஒரு கூரியர் உறை. அவளுக்குப் பின்னால், ஆபீசுக்குக் கிளம்பிய கோலத்தில் அவள் மகள் கார்த்திகா.

“நீங்களே பிரிங்கக்கா. என்னால முடியாது.”

உள்ளே இருப்பது போட்டோ என்று எங்கள் மூவருக்கும் தெரியும். தடவிப் பார்த்தாலே தெரிகிறதே, அந்த அட்டை. ஆனால் யாருடைய போட்டோ, அதைப் பிரிக்க ஏன் இந்தப் பயம்? அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் என் வீட்டு பிரிண்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். எதற்கும் தேதி போட்டு வைக்கிற வியாதி. டெல்லி கிட்வாய் நகரில் எந்த வேப்பமரம் எப்போது வெட்டப்பட்டது, எங்கள் பழைய குவார்ட்டர்ஸை இடித்த அன்று காலை என்ன டிபன்... எல்லாம் என்னிடம் இருக்கும். போட்டோக்களும் அப்படித்தான். செல்போனுக்குள் ஆயிரக்கணக்கில் கிடக்கிற படம் படமே இல்லை என்பது என் கட்சி. கையில் எடுக்க வேண்டும். திருப்ப வேண்டும். பின்பக்கம் பென்சிலால் நாள், இடம், வெளிச்சம், என் அபிப்பிராயம் ஒரு வரி... அப்போதுதான் அது முழுமையான படம்.

அதற்காகத்தான் போன வருஷம் ஒரு போட்டோ பிரிண்டர் வாங்கினேன். கடையில் பிரிண்ட் போடக் கூடாதா என்று என் கணவர் கேட்டார். போடலாம். ஆனால் டெல்லி மார்க்கெட் ஸ்டுடியோ எதிலாவது கொடுத்துப் பாருங்கள். கேட்காமலே முகத்தை வெளுத்துத் தருவார்கள். ‘பியூட்டி கர் தியா’, அழகாக்கிவிட்டோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். கறுத்த முகத்தைப் பார்த்தால் அவர்களுக்கு அது ஒரு ரிப்பேர் வேலை.

கோமதியின் வீட்டில் அந்த ரிப்பேர்தான் வினையாயிற்று.

கோமதி எங்களுக்கு இரண்டு மாடி கீழே இருக்கிறாள். பாளையங்கோட்டைக்காரி. டெல்லிக்கு வந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவள் பேச்சில் தாமிரபரணி ஓடும். கணவர் ஒரு மத்திய அமைச்சக அலுவலகத்தில் இருக்கிறார். வீட்டு விஷயங்களில் கருத்து கேட்டால் பேப்பரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொள்கிற நல்ல மனிதர். ஒரே மகள் கார்த்திகா. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், குர்காவ்னில் வேலை. தமிழ் பேசுவாள் – நடுநடுவே இந்தி ஊறுகாய் தொட்டுக்கொண்டு. படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள்.

நல்ல கறுப்பு. பளிச்சென்ற, நிறைவான கறுப்பு.

பாருங்கள், இதை எழுதும்போதே என் கை ஒரு நொடி தயங்கியது. இந்த ஒரு சொல்லைத் தவிர்ப்பதற்கு நாம் எத்தனை சொற்களைக் கண்டுபிடித்திருக்கிறோம்! மாநிறம். புதுநிறம். களையான முகம். ‘கொஞ்சம் நிறம் கம்மி, ஆனா லட்சணம்.’ அந்த ‘ஆனா’வுக்கு மட்டும் ஒரு அகராதி போடலாம்.

போன வருஷம் கார்த்திகாவுக்கு ஒரு வரன் வந்தது. மார்க்கெட் ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ போயிருந்தது. பையன் வீட்டார் டெல்லிக்கே வந்து, சோபாவில் உட்கார்ந்து, கேசரி சாப்பிட்டு, கார்த்திகாவைப் பார்த்தார்கள். பார்த்த மாத்திரத்தில் பையனின் அம்மா தன் கணவர் பக்கம் திரும்பி, ‘போட்டோல நல்ல கலரா இருந்துச்சே’ என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் ஹாலில் மெதுவாக என்று ஒன்று உண்டா? காப்பித் தட்டோடு நின்ற பெண்ணுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

அன்று சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“ஆன்ட்டி, அவங்க தப்பா எதுவும் சொல்லல. போட்டோல வேற ஒரு பொண்ணு இருந்தா. அவங்க அவளைப் பார்க்கத்தான் வந்தாங்க. நான் போய் நின்னேன்... பஸ், அவ்வளவுதான்.”

கிளம்பும்போது, “இனிமே அந்தப் பொண்ணு எங்கேயும் போகக் கூடாது” என்றாள்.

இந்த ஐப்பசியில் இன்னொரு வரன் வந்தது. தூத்துக்குடிக் குடும்பம். பையன் முத்துக்குமார் சென்னையில் வேலை பார்க்கிறான். ஜாதகம் பொருந்தியிருந்தது. ஆனால் அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் – பெண்ணின் ஜாதகத்தையும் போட்டோவையும் குலதெய்வத்தின் காலடியில் வைத்து எடுத்த பிறகுதான் மேற்கொண்டு பேசுவார்கள். அதனால் கையில் பிடிக்கிற போட்டோ வேண்டும். வாட்ஸ்அப் செல்லாது. செல்போனைச் சாமி காலடியில் வைத்தால் நடுவில் கால் வந்து தொலைக்குமே!

அதுவும் மார்கழி பிறப்பதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். மார்கழியில் கல்யாணப் பேச்சே கூடாது.

கார்த்திகா ஒரே நிபந்தனை போட்டாள். போட்டோவில் அவள் நிறம் அவள் நிறமாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் போட்டோவே போகக் கூடாது, வரனும் வேண்டாம், இனி எந்த வரனும் வேண்டாம். இதைச் சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தாள். “ஆன்ட்டி பிரிண்ட் போடட்டும். அவங்க ஏமாத்த மாட்டாங்க.”

இப்படி ஒருத்தி நம்பிச் சொன்னால் என்ன செய்வீர்கள்? வரிந்துகட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காலனிப் பூங்காவின் மர நிழலில் நிறுத்திப் படம் எடுத்தேன். செல்போனில் இல்லை, என் கேமராவில். செல்போனும் ஸ்டுடியோக்காரரின் தம்பிதான், முகத்தைக் கண்டவுடன் மாவு பூசிவிடும். முதல் படத்தில் அவள் கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். அந்த வெள்ளை கம்ப்யூட்டரில் வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறங்கள் ஓரளவு நியாயமாக இருக்கும் என்று படித்திருந்தேன். புடவை மயில் கழுத்துப் பட்டு. கோமதியின் தேர்வு. ‘வெளிர் கலர் கட்டினா நிறம் இன்னும் எடுத்துத் தெரியும்லா’ என்று காதோரம் காரணம் சொன்னாள்.

வந்து கம்ப்யூட்டரில் போட்டால், சாட்சாத் கார்த்திகா. அதே நிறம், அதே சிரிப்பு. வேலை முடிந்தது என்று நினைத்தேன். பிரிண்ட் பட்டனை அழுத்தினேன்.

வந்த படத்தில் யாரோ ஒருத்தி. நிஜத்தைவிட இரண்டு படி வெளுத்துப் போய்!

நான் ஒன்றும் செய்யவில்லை. பிறகு யார் செய்தது? தேடினேன். பிரிண்டரின் செட்டிங்கிற்குள், ஒரு பெட்டிக்குள் இருந்த இன்னொரு பெட்டியில், ‘போட்டோவைத் தானாகச் சீராக்கு’ என்று ஒரு டிக். முகம் எங்கே இருக்கிறது என்று தானே கண்டுபிடித்து, தானே வெளிச்சம் ஏற்றுகிறதாம். யாரைக் கேட்டு? ஸ்டுடியோக்காரரிடமாவது சண்டை போடலாம். இதனிடம்?

கோமதி அந்தப் படத்தைக் கையில் வாங்கினாள். கீழே வைக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இதுக்கு என்னக்கா குறைச்சல்?”

“இது கார்த்திகா இல்லையே.”

“ஜாடை அவ ஜாடைதான?”

அவள் கையிலிருந்து வாங்கி, வழக்கம்போலத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன். நாள், தேதி. ‘முகம் நிஜத்தைவிட இரண்டு படி வெளுப்பு. தவறு.’ எழுதி ஷூ டப்பாவில் போட்டேன். தவறான பிரிண்ட்களையும் நான் எறிவதில்லை. எங்கே சறுக்கினோம் என்று தெரிந்தால்தானே திரும்பச் சறுக்காமல் இருக்கலாம்?

டிக்கை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். இந்த முறை இருட்டு. கண்கள் மட்டும் தெரிந்தன. மயில் கழுத்துப் புடவை மின்வாரிய யூனிஃபார்ம் போல ஆகிவிட்டது.

இதற்கும் காரணம் கண்டேன். என் கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சம் முழுதாக ஏற்றப்பட்டிருந்தது. திரை தானே எரிகிற விளக்கு. காகிதம் அப்படியா? அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, நாம் கொடுப்பதைத்தான் திருப்பித் தரும். விளக்கையும் காகிதத்தையும் ஒப்பிட்டால் காகிதம் தோற்காமல் என்ன செய்யும்? ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒன்றுபோல் தோன்றும்வரை வெளிச்சத்தை இறக்கினேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, “டிவியையும் இப்படி இறக்கி வச்சா கரண்ட் பில் குறையும்” என்றார்.

பிறகு கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கிற நேரு பிளேஸுக்குப் போனேன். மலிவான மையில் மிச்சம் பிடித்தது போதும், பிரிண்டர் கம்பெனியின் சொந்த மையும், பளபளப்பில்லாத நல்ல தாளும் வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “ஆன்ட்டிஜி, சப் ஏக் ஹி ஹை.” எல்லாம் ஒன்றுதானாம்! எல்லாம் ஒன்றாக இருந்தால் நான் ஏன் மெட்ரோவில் நின்றுகொண்டே வருகிறேன்? கேட்டதைத்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தத் தாளுக்கென்றே அதன் கம்பெனி ஒரு சின்னக் கோப்பு வைத்திருந்தது – இந்தத் தாளில் இந்த மை இப்படித்தான் விழும் என்று பிரிண்டருக்குச் சொல்கிற கோப்பு. அதையும் இறக்கிப் போட்டேன். தாளின் ரகத்தையும் சரியாகத் தேர்ந்தெடுத்தேன். இதற்கு முன்னால் சாதா தாளை வைத்துவிட்டு, பிரிண்டரிடம் பளபளப்புத் தாள் என்று பொய் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. நிஜ நிறம் கேட்கிறவள் முதலில் தான் நிஜம் சொல்ல வேண்டாமா?

இப்போது வந்த பிரிண்ட் திருத்தமாக இருந்தது. இருந்தாலும் என் சுபாவம் விடுமா? டியூப்லைட்டை நம்பக் கூடாது, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று பால்கனிக்கு எடுத்துப் போனேன். பார்த்தால் முகத்தில் லேசாகப் பச்சை ஓடியது. உள்ளே வந்து கம்ப்யூட்டரில் பச்சையைக் குறைத்தேன். பிரிண்ட். பால்கனி. இன்னும் பச்சை. மறுபடி குறைத்தேன். பிரிண்ட். பால்கனி. நாலைந்து தாள் போன பிறகு, பால்கனியில் நின்று பார்த்தால் அப்பழுக்கில்லாத கார்த்திகா. வெற்றி!

ஆபீசிலிருந்து திரும்பியவளிடம் கொடுத்தனுப்பினேன். லிஃப்டுக்குள் போனவள் அடுத்த நிமிஷம் திரும்பி வந்தாள்.

“ஆன்ட்டி, சச்சி... நிஜமாவே ரோஸ்மில்க் மாதிரி இருக்கேன்.”

இருந்தாள். லிஃப்ட் வெளிச்சத்திலும் ரோஸ்மில்க், எங்கள் ஹாலிலும் ரோஸ்மில்க். பால்கனியில் மட்டும்தான் கார்த்திகா.

அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எங்கள் பால்கனியை மூடி, வெயிலுக்கும் புறாவுக்கும் சேர்த்து, நானே பேரம் பேசி வாங்கி மாட்டிய வலை. டெல்லியில் பாதி வீடுகளில் தொங்குகிற அதே வலை. என்ன நிறம் என்று சொல்லவும் வேண்டுமா?

பச்சை.

வருஷக்கணக்காக அதன் வழியாகத்தான் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளாவது கண் சொன்னதா? சொல்லாது. பழகிய வலையைக் கண் வெளிச்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. ‘போட்டோல கலரா இருந்துச்சே’ என்ற அம்மாளும் எந்த வலைக்குப் பின்னால் உட்கார்ந்து பழகினாரோ...

தத்துவம் இருக்கட்டும், தாள் தீர்ந்துகொண்டிருந்தது. மார்கழி நெருங்கிக்கொண்டிருந்தது.

யோசித்தேன். திரையை வீட்டுக்குள்ளும் பிரிண்டைப் பால்கனியிலும் பார்த்ததுதான் தப்பு. இரண்டு பொருளை ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். சரி, திரையோடு ஏன் ஒப்பிட வேண்டும்? அசல்தான் இரண்டு மாடி கீழே இருக்கிறதே!

அடுத்த சனிக்கிழமை. முந்தின ராத்திரி காற்று அடித்து, புகைமூட்டம் கொஞ்சம் விலகி, வானம் வானத்தின் நிறத்தில் இருந்த ஓர் அபூர்வ டிசம்பர் காலை. மற்ற நாட்களில் டெல்லிப் பகல் கடுகெண்ணெய் தடவியதுபோல் இருக்கும், அதை நம்பி நிறம் பார்க்க முடியாது. வலையைச் சுருட்டி மேலே கட்டினேன். கார்த்திகாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். முதலில் கையை நீட்டச் சொன்னேன். கை உதவவில்லை. ஸ்கூட்டி ஓட்டிய கை, முகத்தைவிடக் கறுத்திருந்தது. அதனால் பிரிண்டைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நான் ஒரு பக்கம், பார்த்துச் சொல்ல கோமதி ஒரு பக்கம். டீயோடு வந்த என் கணவர் நின்று பார்த்தார்.

“பாஸ்போர்ட் ஆபீஸ்ல கூட இவ்வளவு சோதனை கிடையாதும்மா. பிடிக்கலைன்னா சொல்லிடு, நான் பிரிண்டரைப் புடுங்கிடறேன்.”

“வேணாம் அங்கிள்” என்றாள் கார்த்திகா, கன்னத்தை அசைக்காமல். “ஜீத்கே ஹி ஜாவூங்கி.” ஜெயித்துவிட்டுத்தான் போவாளாம்.

கொஞ்சம் சிவப்பைக் குறைத்தேன். கொஞ்சம் வெளிச்சத்தை இறக்கினேன். மை காய ஒவ்வொரு முறையும் காத்திருந்தோம். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். காத்திருந்த ஒரு இடைவெளியில், மகள் போன் பேச உள்ளே போன சமயம் பார்த்து, கோமதி என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா... ஒரே ஒரு பாயிண்ட் ஏத்துங்க. யாருக்கும் தெரியாது.”

“அவளுக்குத் தெரியும் கோமதி.”

“அவ சின்னப்புள்ள, ரோஷத்துல சொல்லுதா. கதவைத் தட்ட ஒரு ஆள் வரணும்லா? வந்து உக்காந்தாத்தான அவ குணம் தெரியும், படிப்பு தெரியும்? போட்டோவப் பாத்தே வேண்டாம்னுட்டா யாருக்கா அவளப் பாக்கப் போறா?”

அவள் சொன்னதில் தப்பு உண்டா? இல்லை. கோமதியும் நல்ல கறுப்பு. அவள் எத்தனை பேர் முன்னால் காப்பித் தட்டோடு நின்றிருப்பாள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அவள் பேராசையில் கேட்கவில்லை. பயத்தில் கேட்கிறாள். ஆனால் நான் வாக்குக் கொடுத்தது பயத்துக்கு இல்லை. ஏற்றவில்லை.

மத்தியான வெயில் இறங்குவதற்குள் சரியான நிறம் வந்துவிட்டது. கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் எல்லை தெரியவில்லை. கன்னம் எங்கே முடிகிறது, காகிதம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. புடவை மட்டும் வரவே இல்லை. மயில் கழுத்தின் அந்தப் பச்சைநீலம் எந்த பிரிண்டருக்கும் வசப்படாது போலிருக்கிறது. போகட்டும். புடவை பொய் சொல்லலாம், முகம் சொல்லக் கூடாது.

கார்த்திகா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். “அச்சா லக் ரஹா ஹை” என்றாள், நன்றாக இருக்கிறதாம். பிறகு, எங்களுக்கில்லாமல், படத்துக்குச் சொல்கிறமாதிரி, “அழகாத்தான் இருக்கேன்” என்றாள்.

பின்பக்கம் எழுதினேன். நாள், தேதி. ‘வலை இல்லாத பகல் வெளிச்சம். நிஜ நிறம். சரி.’ இரண்டு பிரதி போட்டு, ஒன்றை அட்டை வைத்துக் கோமதியிடம் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். ஷூ டப்பாவைக் காட்டி, முதல் நாள் போட்ட அந்தப் படத்தையும் கேட்டாள். எப்படியும் வீணாகத்தானே கிடக்கிறது, பீரோவுக்குள் ஒட்டிக்கொள்கிறேன் என்றாள். கொடுத்தேன்.

வாசகர்களே, நீங்கள் என்னைவிடப் புத்திசாலிகள். என்ன நடந்திருக்கும் என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

மார்கழி பிறக்க இன்னும் ஓரிரு நாள்தான் என்ற நிலையில், ஒரு காலை, கோமதி செல்போனை ஏந்திக்கொண்டு வந்தாள் – கற்பூரத் தட்டைப் பிடிப்பதுபோல. முகம் வெளிறியிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கார்த்திகாவும் பின்னாலேயே வந்திருந்தாள். “பையனோட அம்மா லைன்ல இருக்காக. போட்டோ பின்னால எழுதினவுககிட்டதான் பேசணுமாம்.”

ஸ்பீக்கரைப் போட்டாள். தூத்துக்குடிக் குரல், நிதானமாக வந்தது.

“வணக்கம்மா. ஒண்ணுமில்ல, ஒரு சந்தேகம். கோயில்ல வைக்கலாம்னு போட்டோவ எடுத்தோம். பின்னால பாத்தா ‘தவறு’ன்னு போட்டிருக்கு. இங்க ஆளுக்கொரு அர்த்தம் சொல்லுதாக. தவறுன்னு எழுதினத சாமி காலடில வைக்கலாமா?”

கோமதி தரையைப் பார்த்தாள். கார்த்திகா கோமதியைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் பீரோ புரிந்தது, வெளுத்த படம்தான் தூத்துக்குடிக்குப் போயிருக்கிறது.

அது சோதனைக்குப் போட்ட பிரிண்ட் என்றும், அட்டை மாறி வந்துவிட்டது என்றும் சொன்னேன். ‘மாறி’ என்ற சொல்லை மட்டும் கோமதிக்காகச் சேர்த்தேன். சரியான பிரிண்ட் இங்கே இருக்கிறது என்றேன்.

மறுமுனையில் அந்த அம்மாள் இழுத்தார். “அப்போ... பொண்ணு இதவிட...?”

அந்த அம்மாளும் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டு நின்றார். மாநிறமா, புதுநிறமா, எதைப் போடுவது? கார்த்திகா கையை நீட்டி அம்மாவிடமிருந்து போனை வாங்கினாள்.

“நான்தான் ஆன்ட்டி, கார்த்திகா. நான் இதைவிடக் கறுப்பு. நல்ல கறுப்பு. சரியான போட்டோ இன்னைக்கே கூரியர்ல அனுப்பறோம். சாமிகிட்ட அதை வைங்க. அப்புறம்... உங்க பையன் போட்டோவும் ஒண்ணு வேணும். வாட்ஸ்அப் இல்ல, பிரிண்ட்.”

“அனுப்புதோம்மா. அதுக்கென்ன.”

“பின்னாடி எழுதி அனுப்பணும்.”

“என்ன எழுதணும்?”

“தேதி. அப்புறம், நிஜத்துல எப்படியோ அது.”

போன் வைக்கப்பட்டது. கோமதி சோபாவில் உட்கார்ந்தாள். “போச்சு” என்றாள். “பொண்ணு வீட்டுக்காரி இப்படியாட்டி பேசுவா? மாப்பிள்ளைட்டயே எழுதி வாங்குதியே, பத்திரமா இது?”

கார்த்திகா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “அம்மா, அந்த வெள்ளைப் பொண்ணு உனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கில்ல?” என்று கேட்டாள். கோமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “எனக்கு உன்னைத்தாட்டி பிடிக்கும். ஊருக்குப் பிடிக்கணுமேன்னுதான்...”

அன்று மத்தியானமே சரியான பிரிண்டைக் கார்த்திகா தன் கையால் உறையில் போட்டாள். நான் தேதியைச் சரிபார்த்தேன்.

பிறகு மார்கழி வந்தது. அங்கிருந்து ஒரு பேச்சும் இல்லை. மார்கழியில் பேசக் கூடாது என்பதால் மௌனமா? அல்லது பேச ஒன்றுமில்லை என்பதால் மௌனமா? இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும்? கோமதி தினமும் விடியற்காலை மாடி வராந்தாவில் கோலம் போட்டாள். கார்த்திகா மெட்ரோவுக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்தால், “ஆன்ட்டி, பிரிண்டர் ஓடுதா?” என்பாள். ஓடுகிறது என்பேன். மை காய்ந்துவிடாமல் இருக்க வாரம் ஒரு பிரிண்ட் போட வேண்டும். எல்லா வாரமும் அவள் படத்தையே போட்டேன். நிறம் மாறவில்லை.

தை பிறந்தது. போன வெள்ளிக்கிழமை அந்த உறை வந்தது.

கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டினேன். உருவினால் – ஸ்டுடியோ படம். நீலத் திரை. கோட்டு. முகம்? ரோஜாப் பவுடர் டப்பாவின் மேல் போட வேண்டிய முகம். மூக்கும் நெற்றியும் ஒன்றாகப் பளபளத்தன. இவ்வளவு சொல்லியும் இதைத்தானா அனுப்புவார்கள்?

“திருப்புங்க ஆன்ட்டி” என்றாள் கார்த்திகா.

திருப்பினேன். பால் பாயிண்ட் பேனாவில் சின்னச் சின்ன எழுத்துக்கள். மேலே தேதி. நான் படிக்க வாயெடுத்தேன். “இல்ல, நான் படிக்கறேன்” என்று வாங்கிக்கொண்டாள். ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

“‘நிஜத்தில்... இதைவிட... மூன்று படி... கறுப்பு. போட்டோக்காரரிடம்... சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. முத்துக்குமார்.’”

முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். இந்த முறை எழுத்துக் கூட்டவில்லை.

“மூணு படியா?” என்றாள் கோமதி. கணக்குப் போட்டாள். “உன்னவிட ஒரு படி கூடல்லாட்டி?” சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு. முகத்தைத் துடைத்துக்கொண்டு, இப்போது அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டாள்.

கார்த்திகா படத்தைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

“வரச் சொல்லும்மா. பகல்ல வரச் சொல்லு.”

எதற்கும் இருக்கட்டும் என்று, பால்கனி வலையை நேற்றே கழற்றிவிட்டேன்.